துணிக்கூரை சொல்லித் தந்த இயற்பியல்

அகஸ்தீஸ்வரம் வட்டத்தில் ஒரு பக்கம் வயலும் மறுபக்கம் தென்னந்தோப்பும் சூழ்ந்தது எங்கள் பள்ளி. கடல் இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள். பள்ளி முற்றத்தில் ஒரு பெரிய வேப்பமரம் இருந்தது. காலை இறைவணக்கக் கூட்டம், மதிய உணவு, விளையாட்டு வகுப்பு எல்லாம் அதன் அடியில்தான் நடந்தன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் அந்த மரம் சாய்ந்தது. ஒக்கியில் எங்கள் மாவட்டம் இழந்தவற்றோடு ஒப்பிட்டால் ஒரு மரம் சின்ன விஷயம். கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர்களின் படங்கள் எங்கள் மாணவர்களின் வீடுகளிலும் மாட்டப்பட்டிருக்கின்றன. ஆனாலும் பிள்ளைகள் நிற்க நிழல் வேண்டுமே! வைத்த கன்றுகள் வளரப் பத்து ஆண்டுகளாவது ஆகும்.

2019 ஜூலை 15, காமராசர் பிறந்தநாள். கல்வி வளர்ச்சி நாள் விழாவுக்காக முற்றத்தில் வாடகைக்கு எடுத்த சாமியானாப் பந்தலைக் கட்டியிருந்தோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வளர்ந்த ஊர்க்காரர்கள்தான் நாங்கள். ஆனாலும் அன்று கட்டியவர்களும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. மாறுவேடப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போது பந்தல் ஒருமுறை மேலே உப்பியது. அடுத்த வீச்சில் முளைகள் பிடுங்கிக்கொண்டு வர, இரும்புக் கம்பம் ஒன்று சாய்ந்தது. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் முழங்கையில் உரசிக்கொண்டு அது விழுந்தது. சிராய்ப்போடு தப்பினாள். ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க இன்றும் மனம் கூசுகிறது.

அதன் பிறகு வெளியில் பந்தலே வேண்டாம் என்று முடிவு செய்தோம். வெயிலில் கூட்டம் நடந்தது. மாதத்துக்கு ஓரிரு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். கொரோனா ஊரடங்கு முடிந்து பள்ளி திறந்த பிறகு, எட்டாம் வகுப்பில் விசையும் அழுத்தமும் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், எங்க பாட்டா பாய் கட்டித்தான் கடலுக்குப் போவாங்க. அந்தக் காத்துல பாய் நின்னுது. நம்ம பந்தல் மட்டும் ஏன் பறந்துட்டு?"

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதில் எங்கள் வகுப்பு கற்றுக்கொண்டதையே இங்கே பகிர்கிறேன்.

தாங்கி நிற்பதும் இழுத்து நிற்பதும்

மாத்தூர் தொட்டிப்பாலத்தை எங்கள் பிள்ளைகள் எல்லோரும் சுற்றுலாவில் பார்த்திருக்கிறார்கள். 28 தூண்கள் தண்ணீரையும் தொட்டியையும் சுமந்து நிற்கின்றன. மேலிருந்து வரும் எடை தூணை அமுக்குகிறது. தூண் அதைத் தரைக்குக் கடத்துகிறது. சுவர், தூண், வளைவு ஆகியவை எல்லாம் அமுக்கு விசையைத் தாங்கி நிற்பவை. அதனால்தான் அவை கனமாக இருக்கின்றன.

துணியை அமுக்கினால் மடங்கிவிடும். அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: இழுத்தால் எதிர்த்து இழுக்கும். எனவே துணியால் கூரை போட வேண்டுமானால், துணியின் ஒவ்வொரு பகுதியும் எப்போதும் இழுவிசையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். காற்று வருவதற்கு முன்பே இழுத்துக் கட்டி வைக்கும் இந்த விசையை முன் இழுவிசை என்று சொல்லலாம். தளர்ந்த இடத்தில் துணி துடிக்கும். துடித்த இடத்தில் கிழியும்.

இதை உணர்த்த ஒரு கொடிக்கயிறு போதும். 2 மீட்டர் இடைவெளியில் கயிற்றைக் கட்டி, ஒரு முனையில் சுருள்வில் தராசை இணைத்தோம். நடுவில் 1 கிலோ எடையைத் தொங்கவிட்டோம். அதாவது சுமார் 10 நியூட்டன். கயிறு 20 சென்டிமீட்டர் தொய்ந்திருந்தபோது தராசு ஏறக்குறைய 25 நியூட்டன் காட்டியது. தொய்வை 10 சென்டிமீட்டராகக் குறைத்தோம். 50 நியூட்டன் ஆயிற்று. தொய்வைப் பாதியாக்கினால் இழுவிசை இரு மடங்கு! 5 சென்டிமீட்டருக்குக் குறைத்தால் எவ்வளவு என்று கேட்டேன். பிள்ளைகளே 100 என்றார்கள்.

"அப்ப கயித்தை ஸ்கேல் வச்ச மாதிரி நேராக்கணும்னா டீச்சர்?" என்றாள் ஒருத்தி. எடையின் இரு பக்கமும் கயிறு கொஞ்சமாவது சாய்ந்திருந்தால்தான் அது எடையை மேல்நோக்கி இழுக்க முடியும். முழுக்க நேராக்க வேண்டுமானால் எவ்வளவு விசையும் போதாது. இதற்கான சூத்திரத்தையும் அவர்களே எழுதினார்கள்: எடையை இடைவெளியால் பெருக்கி, தொய்வின் நான்கு மடங்கால் வகுத்தால் இழுவிசை கிடைக்கும். தொய்வு இடைவெளியைவிட மிகச் சிறிதாக இருக்கும்வரை இது பொருந்தும்.

இதிலிருந்தே பந்தலின் குற்றம் பாதி புரிந்துவிட்டது. தட்டையாகக் கட்டிய துணி, சிறு காற்றுக்கும் தன் கயிறுகளில் பெரிய விசையை ஏற்றுகிறது. வளைவு இருந்தால் அதே காற்றைக் குறைந்த இழுவிசையில் சமாளிக்கலாம்.

எந்த வளைவு?

வளைவு வேண்டும் என்றால் தொட்டில் மாதிரி தொங்கவிட்டால் போதுமா? போதாது. மேலிருந்து வரும் காற்றைத் தொட்டில் தாங்கும். கீழிருந்து வரும் காற்றுக்கு அது அப்படியே கவிழ்ந்து மறுபக்கம் உப்பும். எங்கள் சாமியானாவுக்கு நடந்ததும் அதுதான்.

விடை ஒரு கைக்குட்டையில் இருக்கிறது. நான்கு மாணவர்கள் நான்கு மூலைகளைப் பிடிக்கட்டும். எல்லோரும் ஒரே உயரத்தில் பிடித்து இழுத்தால் துணி தட்டை. நடுவில் விரலால் தட்டினால் எளிதாக மேலும் கீழும் போகும். இப்போது எதிரெதிர் மூலையில் நிற்கும் இருவர் கையை உயர்த்தட்டும். மற்ற இருவர் தாழ்த்தி இழுக்கட்டும். துணி குதிரைச் சேணம் போல வளையும். உயர்ந்த மூலைகளை இணைக்கும் கோட்டில் துணி தொட்டில் போலத் தொய்ந்திருக்கும். தாழ்ந்த மூலைகளை இணைக்கும் கோட்டில் பாலம் போல மேல்நோக்கி வளைந்திருக்கும். கீழ்நோக்கித் தள்ளும் விசையை முதல் கோட்டு நூல்கள் எதிர்க்கின்றன. மேல்நோக்கித் தூக்கும் விசையை இரண்டாம் கோட்டு நூல்கள் எதிர்க்கின்றன. ஒன்று தளரப் பார்த்தால் மற்றொன்று பிடித்துக்கொள்கிறது. இப்போது நடுவில் தட்டிப் பாருங்கள், முரசுத் தோல் போல இறுகியிருக்கும். உலகெங்கும் உள்ள இழுவிசைத் துணிக்கூரைகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படை இந்த இருதிசை வளைவுதான்.

அடுத்து சோப்புப் படலம். மெல்லிய கம்பியால் ஒரு சதுரம் செய்து, எதிரெதிர் மூலைகள் இரண்டை மேலே வளைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த தண்ணீரில் சில சொட்டு கிளிசரின் விட்டு, கம்பியை முக்கி எடுங்கள். படலம் தானாகவே அதே சேண வடிவத்தை எடுக்கும். பரப்பு இழுவிசையால் படலம் தன் பரப்பைக் குறைந்த அளவுக்குச் சுருக்கிக்கொள்கிறது. அதன் எல்லா இடங்களிலும் இழுவிசை சமம். துணிக்கு எந்த வடிவம் நல்லது என்பதைச் சோப்புத் தண்ணீரே வரைந்து காட்டிவிடுகிறது.

சோப்புப் படலத்திலிருந்து ஒலிம்பிக் அரங்கம் வரை

இதை வகுப்பறைச் சோதனையாக மட்டும் நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் கட்டடக் கலைஞர் ஃப்ரை ஓட்டோ சோப்புப் படலங்களைக் கொண்டே தம் கூரைகளின் வடிவங்களைத் தேடினார். இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்து, பிரான்சில் போர்க்கைதி முகாமில் அடைக்கப்பட்டவர் அவர். கிடைத்த சொற்பப் பொருள்களைக் கொண்டு கட்டும் வழக்கம் அங்கேதான் அவருக்குப் படிந்தது. 1955இல் காசல் நகரத் தோட்டக் கண்காட்சியில் இசை மேடைக்கு நான்கு முனைத் துணிக்கூரை ஒன்றை அமைத்தார். நம் கைக்குட்டையின் அதே வடிவம்! 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் கம்பிவலைக் கூரையிலும் அவருடைய பங்கு உண்டு. கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு 2015இல் அவருக்கு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வெளியாவதற்கு முந்தைய நாள் அவர் காலமாகியிருந்தார்.

சவூதி அரேபியாவின் ஜித்தா விமான நிலையத்தில் ஹஜ் பயணிகளுக்கான முனையம் 1981இல் திறக்கப்பட்டது. டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணியால் ஆன 210 கூடாரங்கள் அதன் கூரை. ஒவ்வொரு கூடாரத்தின் உச்சியிலும் திறப்பு இருக்கிறது. சூடான காற்று அதன் வழியே மேலேறிப் போய்விடுகிறது. பக்கச் சுவர்களே இல்லை. அந்தக் கூரையின் பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், டாக்காவில் பிறந்தவர்.

நம் மாநிலத்திலேயே பார்க்க வேண்டுமானால் சென்னை சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. 2011 உலகக் கோப்பைக்கு முன் புதுப்பித்தபோது, பழைய கான்கிரீட் கூரைக்குப் பதிலாகக் கம்பிவடங்களில் இழுத்துக் கட்டிய, வெளிச்சம் ஊடுருவும் துணிக்கூரையைப் போட்டார்கள். தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும் பிள்ளைகளிடம் கூரையைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஆட்டத்தின் நடுவே ஒரு கேள்வியாவது வரும்.

நமக்கு இது புதிதும் அன்று. கோயில் விதானங்களையும், தேரில் தொங்கும் தொம்பைகளையும் சுசீந்திரம் மார்கழித் திருவிழாவில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆரல்வாய்மொழியைத் தாண்டிக் காற்றாலைகள் நிற்கும் ஊருக்குப் பெயரே முப்பந்தல். மூவேந்தர்கள் மூன்று பந்தலிட்டுக் கூடிய இடம் என்பது உள்ளூர் வழக்கு. காற்று அவ்வளவு வீசும் கணவாயில் பந்தல் எப்படி நின்றிருக்கும் என்று என் மாணவர்கள் ஒரு முழுப் பாடவேளை விவாதித்தார்கள்.

பாட்டா வந்த நாள்

பெரிய நீள்வட்ட அரங்கமான ரோமின் கொலோசியத்தில் பார்வையாளர்களுக்கு நிழல் தரத் துணி விரிப்பார்கள். அதை விரிக்கவும் சுருட்டவும் கடற்படை மாலுமிகளைத்தான் வைத்திருந்தார்கள். இதைச் சொன்னதும் அந்த மாணவன், "அப்ப எங்க பாட்டாவைக் கூட்டிட்டு வரட்டா டீச்சர்?" என்றான்.

மறுவாரம் பெரியவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர். மரத்திலும் வள்ளத்திலும் பாய் கட்டி ஓடிய காலத்தைச் சேர்ந்தவர். பழைய பனியன் துணியை வெட்டி, அட்டைப்பெட்டியில் பென்சில் நட்டு நாங்கள் செய்திருந்த மாதிரியைக் கையில் எடுத்துப் பார்த்தார். துணியின் ஓரத்தை விரலால் நீவினார்.

"நடுவுல நல்லா நிக்குது. ஓரந்தான் அடிக்கும் மக்கா. ஓரத்தை உள்வாங்கி வெட்டணும். அதுக்குள்ள கயிறு போட்டுத் தைக்கணும். பாயைப் பிடிக்கிறது துணியில்ல, ஓரத்துக் கயிறுதான்" என்றார்.

நாங்கள் துணியில் பேனாவால் சிறு சதுரக் கட்டங்கள் வரைந்திருந்தோம். இழுத்துக் கட்டியபோது எந்தக் கட்டம் நீள்கிறது, எது அப்படியே இருக்கிறது என்று பார்ப்பதற்காக. அவர் சொன்னபின் கவனித்தோம். ஓரத்துக் கட்டங்கள் கொஞ்சமும் நீளவில்லை. அங்கே இழுவிசையே இல்லை. ஓரத்தை உள்நோக்கி வில் போல வெட்டி, நூல் கோத்து, மூலைகளை இழுத்ததும் ஓரமும் இறுகியது. பொறியியல் நூல்கள் சொல்லும் ஓரவடம் இதுதான். ஓரத்தின் நீளத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு உள்வாங்கி வெட்டுவது வழக்கம்.

பாயைத் தாங்கும் பருமல், பாயின் முனையை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கரும்பலகையில் படம் வரைந்து பெயர் எழுதினார்கள். விடைபெறும்போது ஒன்று சொன்னார்: "காத்து மிஞ்சுனா பாயை எறக்குறவன்தான் கரைக்கு வருவான், டீச்சர். கட்டத் தெரிஞ்சா மட்டும் போதாது."

எங்கள் முற்றத்துக் கூரை

கட்டுவதற்கு முன் கணக்குப் போட்டோம். காற்றின் அழுத்தத்தைப் பாஸ்கலில் அறிய, வேகத்தை மீட்டர்/வினாடியில் எடுத்து, வர்க்கமாக்கி, 0.6ஆல் பெருக்கினால் போதும். வினாடிக்கு 10 மீட்டர் என்றால் 60 பாஸ்கல். 20 மீட்டர் என்றால் 240 பாஸ்கல். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. நாங்கள் நினைத்த கூரை 5 மீட்டருக்கு 5 மீட்டர். பரப்பு 25 சதுர மீட்டர். 20 மீட்டர் வேகக் காற்று முழுதாகத் தூக்கினால் 6,000 நியூட்டன். அதாவது சுமார் 600 கிலோ எடைக்குச் சமம். இந்த எண்ணைப் பலகையில் எழுதியதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. 2019இல் எங்கள் சாமியானா இதைவிட இரண்டு மடங்கு பெரியது. அதைப் பிடித்திருந்தவை முழ நீள முளைகள்.

இந்தக் கணக்கோடுதான் தலைமையாசிரியரிடம் போனோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்தோம். குழுவின் வேண்டுகோளில் பொதுப்பணித்துறைப் பொறியாளர் ஒருவர் வந்து இடத்தைப் பார்த்தார். வராந்தா கைப்பிடிச் சுவரில் ஒரு மூலையைக் கட்டிவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். கூடவே கூடாது என்றார். மேலிருந்து வரும் எடையைத் தாங்கக் கட்டிய சுவர், பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. நான்கு இரும்புக் குழாய்களைச் சற்று வெளிப்பக்கம் சாய்த்து, அவர் சொன்ன ஆழத்துக்குக் கான்கிரீட் இட்டு நட்டோம். இரண்டு கம்பங்கள் 4 மீட்டர், இரண்டு 2.5 மீட்டர். பிளாஸ்டிக் தார்ப்பாய்க்குப் பதிலாக நர்சரிகளில் கட்டும் நிழல்வலையை எடுத்தோம். காற்றில் ஒரு பங்கு அதன் கண்கள் வழியே போய்விடுகிறது. வெப்பமும் அடியில் தேங்குவதில்லை. மழையை அது தடுக்காது. எங்களுக்கு வேண்டியதும் நிழல்தான். பெரியவரின் மேற்பார்வையில் ஊர்த் தையற்காரர் ஓரத்தை உள்வாங்கி வெட்டிக் கயிறு கோத்துத் தைத்துத் தந்தார். மூலைகளில் டர்ன்பக்கிள் மாட்டி இறுக்கினோம். செலவை முன்னாள் மாணவர்கள் ஏற்றார்கள்.

முதல் மாதத்திலேயே வலை கொஞ்சம் தளர்ந்து ஓரம் முணுமுணுக்கத் தொடங்கியது. புதுத் துணி இழுபட்டு நீளும் என்பதைப் பாடமாகப் படித்தோம். மீண்டும் இறுக்கினோம். இப்போது மாதம் ஒருமுறை இறுக்கம் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

வகுப்பறைக்குள்ளே

உள்ளறைகளிலும் துணிக்கு வேலை உண்டு. கான்கிரீட் தளமும் வெறும் சுவரும் உள்ள வகுப்பறையில் குரல் எதிரொலித்துக் கடைசி பெஞ்சுக்குச் சொல் தெளிவாகப் போவதில்லை. பின்சுவரை ஒட்டி, ஒரு சாண் இடைவெளி விட்டுக் கனமான பருத்தித் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் எதிரொலி குறைகிறது. அதே துணியில் பிள்ளைகளின் படைப்புகளைக் குத்தி வைக்கலாம். ஒரே அறையில் இரண்டு வகுப்புகள் நடக்கும் தொடக்கப்பள்ளிகளில் இழுத்துக் கட்டிய துணித்தட்டி, மேசை பீரோக்களைவிட எளிதாக நகரும் மறைப்பாகும். எண்ணும் எழுத்தும் வகுப்பின் வாசிப்பு மூலைக்கு ஒரு சிறு சேண வடிவக் கூரை போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் அதற்குத் தாங்களே பெயர் வைப்பார்கள்.

ஆனால் தீயை மறக்கக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. சமையற்கூடத்தின் அருகிலோ, மின்விளக்கு, விசிறி இணைப்புகளை ஒட்டியோ, வெளியேறும் வழியை மறைத்தோ எந்தத் துணியும் கட்டக் கூடாது. பழைய ப்ளக்ஸ் பதாகைகளைக் கூரையாக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். அவற்றின் அடியில் வெப்பம் தேங்குகிறது. பற்றினால் எழும் புகை நஞ்சு.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு

1. கைக்குட்டை, கொடிக்கயிறு, சோப்புப் படலம், பனியன் துணி மாதிரி ஆகிய நான்கும் எந்தப் பள்ளியிலும் செய்யலாம். செலவு நூறு ரூபாயைத் தாண்டாது.

2. முற்றத்தில் கட்டுவது வேறு விஷயம். தலைமையாசிரியரின் அனுமதியும் பொறியாளரின் ஆலோசனையும் இல்லாமல் தொடங்க வேண்டாம். சுவரிலோ மரத்திலோ கட்ட வேண்டாம்.

3. மூலைகளை ஒரே உயரத்தில் கட்டாதீர்கள். ஓரத்தை நேராக வெட்டாதீர்கள்.

4. எப்படி இறக்குவது என்பதை முடிவு செய்தபின் ஏற்றுங்கள். இறக்கும் வேலை பெரியவர்களுடையது.

5. நிழல்வலை மரத்துக்கு மாற்று இல்லை. கன்று வளரும்வரை அது ஒரு குடை.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் இருவர் தினமும் வானிலை அறிக்கையைப் பார்த்துக் காலைக் கூட்டத்தில் வாசிக்கிறார்கள். பலத்த காற்று என்று எச்சரிக்கை வந்தால், அன்று மாலையே அலுவலக உதவியாளரும் உடற்கல்வி ஆசிரியரும் நான்கு டர்ன்பக்கிளையும் தளர்த்தி வலையை இறக்கிச் சுருட்டிவிடுகிறார்கள். கால்மணி நேர வேலை. சென்ற ஐப்பசியில் மூன்று முறை இறக்கினோம். ஒருமுறை எச்சரித்த காற்று வரவே இல்லை. "வீணா எறக்கிட்டோமே டீச்சர்" என்றான் ஒருவன். பாட்டாவின் பேரன் அவனைத் திரும்பிப் பார்த்து, "வராட்டி நல்லதுதானலே" என்றான்.

முற்றத்தின் கிழக்கு மூலையில் நட்ட வேப்பங்கன்று இப்போது என் தோளுயரம் வந்திருக்கிறது.